பென்சில் டிக்

மெஷின் வந்தது ஆடி மாசம் மூணாம் தேதி.
ஆறாயிரத்து எண்ணூறு, இரண்டு தவணை.
விற்க வந்தவன் ஆற்காட்டுக்காரன்,
பேச்சே மக்கன் பேடா.
"ஊதா வெளிச்சம், காந்தம், அகச்சிவப்பு,
மூணு கண்ணுக்கா இதுக்கு" என்றான்.
எனக்கு இரண்டு. அதிலும் ஒன்றில் புரை.

ஆஸ்பத்திரிக்குப் பின்சந்தில் என் கடை.
ஸ்டவ், குக்கர், தோசைக்கல், ஒரு வாளி:
நாளைக்கு முப்பது ரூபாய் வாடகை.
முன்பணம் ஐந்நூறு, போகும்போது திருப்பித் தருவேன்.
"கொத்தோ தின்?" என்று கேட்கும் அளவுக்கு
வங்காளம் வரும்.
எத்தனை நாள் என்பதுதான் அவர்களுக்கே தெரியாது.

மெஷினுக்கு முன்னால் நானே மெஷின்.
ட்யூப்லைட்டுக்கு நேரே பிடிப்பேன்,
கம்பி மினுங்குகிறதா,
ஓரத்துக் கோடுகள் கட்டைவிரலில் உறைக்கிறதா,
பார்த்து, மூலையில் பென்சிலால் ஒரு டிக்.
வாலைக் கொஞ்சம் நீளமாக இழுத்து விடுவேன்.
ரேணுகா பார்த்தாச்சு என்று அர்த்தம்.
இம்தியாஸ் சிரிப்பான்:
"இன்னாக்கா, கவர்னர் கையெழுத்து பத்தலையா உனக்கு?"

பிறகு பென்சில் காதிலிருந்து இறங்கியது.
சர்ரென்று இழுத்துத் துப்பும். பச்சை என்றால் டிராயர்.
சிவப்பு என்றால் மூன்று முறை கத்தும்,
சந்து முழுக்கக் கேட்கும்.
அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.
எதிரில் நிற்பவர்
அந்த நோட்டைத் தானே அச்சடித்தவர் மாதிரி சுருங்கிப்போவார்.
ஒருமுறை மஞ்சள் கறைக்குக் கத்தியது.
ஒருமுறை சட்டையோடு துவைத்த நோட்டுக்கு.
கரண்ட் போனால் வாயே திறக்காது,
அப்போது எல்லாம் என்னிடம்தான் வரும்.

கார்த்திகையில் நிமாய் மண்டல் மறுபடி வந்தார்.
பாலூர்காட்டுக்காரர். சித்திரையில் வந்திருந்தார்,
மனைவிக்குக் கரண்ட் வைத்தியம், நாற்பத்தொரு நாள்.
நான் கொடுத்ததைவிடப் பளபளப்பாக
என் குக்கரைத் தேய்த்துத் திருப்பியவர்கள்.
இந்த முறை செக்கப் மட்டும், பத்து நாள்.
ஸ்கேன் உறையின் அடியிலிருந்து
நாலாக மடித்த ஐந்நூறை எடுத்துக் கொடுத்தார்.
மெஷின் கத்தியது.
திருப்பி வைத்தேன். கத்தியது.
தலைகீழாக வைத்தேன், அப்போதும்.

பின்னால் நின்றவர்கள் ஓரடி நகர்ந்தார்கள்.
இம்தியாஸ் இந்தியில் என்னவோ ஆரம்பித்தான்.
அந்த அம்மா படியில் உட்கார்ந்துவிட்டார்,
முக்காட்டுக்குள் முடி முளைக்கத் தொடங்கியிருந்தது.
"தீதி, நீங்கள் கொடுத்ததுதான் இது.
அடுத்த தடவை முன்பணத்துக்கு என்று
எடுத்துவைத்தோம். தொடவே இல்லை."

எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள்
என்று நாக்கு நுனி வரை வந்தது.

விரித்துப் பார்த்தேன்.
இடது மூலை.
டிக். வால் நீளமாக.

எட்டு வருஷம் டிக் போட்டிருக்கிறேன்.
எத்தனை போயிருக்கும், காட்பாடியிலிருந்து எந்தெந்த ரயிலில்,
எந்த ஊர் மருந்துக்கடையில்
யாரை இப்படி நிற்கவைத்து.

இது என் நோட்டு என்று சொன்னேன்.
மெஷின் அளவுக்குச் சத்தம் வரவில்லை எனக்கு.
இம்தியாஸ்தான் உரக்கச் சொன்னான்,
தெருவில் நின்றவர்களுக்கும் சேர்த்து.

முன்பணம் வேண்டாம், ஸ்டவ்வை எடுத்துப் போங்கள் என்றேன்.
சும்மா வேண்டாம் என்றார் அந்த அம்மா, எழுந்து நின்று.
சரி என்று ரசீதுப் புத்தகத்தைத் திறந்தேன்.
ரூபாய் ஐந்நூறு பெற்றுக்கொண்டேன்.
பெற்றுக்கொண்டேன்தானே, சித்திரைக்கு முன்னால்
எவரிடமிருந்தோ.

பேங்குக்கு எடுத்துப்போக வேண்டும்,
முத்திரை குத்தி வாங்கி வைப்பார்களாம்.
நாளைக்கு நாளைக்கு என்று மெஷினுக்கு அடியிலேயே கிடக்கிறது.

நேற்று ஆறு மணிக்குக் கரண்ட் போனது.
யாரோ நீட்டிய நோட்டை
வாசல் வெளிச்சத்துக்குப் பிடித்தேன்.
கம்பி, கோடு, எல்லாம் சரியாகத்தான் தெரிந்தது.
பென்சிலைத் தேடி கை காதுவரை போய்
அங்கேயே நின்றது.